முதல் வேலைக்குத் தேவையான இங்கிலீஷ்: ரெஸ்யூமிலிருந்து ஆபீஸ் மெயில் வரை

முதல் வேலை தேடுகிறவர்களுக்கு இங்கிலீஷ் என்றாலே கிராமர் பயம். கிராமர் தப்பியதற்காக யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. "இன்னும் முடியல", "நீங்க சொன்னது புரியல", "தப்பு என்னுடையதுதான்" என்ற மூன்றையும் நேரத்தோடு சொல்ல வாய் வராமல், கடைசி நிமிஷத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் பேர் கெடுகிறது. இந்த மூன்றுக்கும் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு வாக்கியம். அவற்றைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் வேலை கிடைக்க வேண்டுமே.

டிகிரியோ டிப்ளமோவோ முடித்துவிட்டு அக்கவுண்ட்ஸ், ஐ.டி., பி.பி.ஓ., எக்ஸ்போர்ட் ஆபீஸ் என்று தமிழ்நாட்டில் தேடிக்கொண்டிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இங்கிலீஷ் வாக்கியங்கள் காதில் விழுகிறபடியே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. வாய்விட்டுப் படியுங்கள்.

1. பெயரைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்

நம் ஊர்க்காரர்களை விடாமல் துரத்தும் தொல்லை இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ் கார்த்திக்", பான் கார்டில் "கார்த்திக் சுப்பிரமணியன்" என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும் ஏஜென்சிக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்து ஒரு மாதம் கழித்து "நேம் மிஸ்மேட்ச்" என்று மெயில் வரும்போதுதான் பலர் அலைய ஆரம்பிக்கிறார்கள்.

ஆதாரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் ஆதாரோடுதான் இணைகிறது. பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் பொருந்த வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும் பிறந்த தேதியை 1 முறையும்தான் சாதாரணமாக மாற்ற முடியும் என்பதால், மாற்றுவதானால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மாற்றுங்கள். விண்ணப்பங்களில் "லாஸ்ட் நேம்" கட்டத்தில் புள்ளியோ ஒற்றை எழுத்தோ போடாமல், பான் கார்டில் உள்ளபடி அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள்.

இதனால் பின்னால் ஒரு வேடிக்கை நடக்கும். வெளிநாட்டு கிளையண்ட் "ஹாய் சுப்பிரமணியன்" என்று உங்கள் அப்பாவைக் கூப்பிடுவார். "ப்ளீஸ் கால் மீ கார்த்திக். சுப்பிரமணியன் இஸ் மை ஃபாதர்ஸ் நேம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல், ஆதார், பான் எல்லாவற்றையும் தனித்தனி பி.டி.எஃப். ஆக, ஒவ்வொன்றும் 1 எம்.பி.க்குள், போனிலும் மெயிலிலும் வைத்திருங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பதை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். மெயில் ஐ.டி. உங்கள் பெயரும் ஒன்றிரண்டு எண்ணுமாக இருக்கட்டும். காலேஜ் முதல் வருஷத்தில் வைத்த பட்டப்பெயர் ஐ.டி. வேண்டாம்.

2. ரெஸ்யூம்: ஒரே பக்கம்

அப்பா பெயர், மதம், திருமணமானவரா, "ஐ ஹியர்பை டிக்ளேர்" என்று தொடங்கி இடம், தேதி, கையெழுத்தோடு முடியும் உறுதிமொழி, "சேலஞ்சிங் என்விரான்மென்ட்"டில் வேலை செய்ய ஆசை என்ற அப்ஜெக்டிவ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பத்து வருஷமாகக் கைமாறிவரும் சீனியர் டெம்ப்ளேட்டில் இவைதான் பாதிப் பக்கம். பக்கத்தை இரண்டாகப் பிரித்த டிசைன், டேபிள், படம் போட்ட ஸ்கில் மீட்டர் ஆகியவையும் வேண்டாம்; ரெஸ்யூமைப் படிக்கும் சாஃப்ட்வேர் அவற்றைக் கலைத்துப்போட்டுப் படிக்கும்.

எழுதுகிற ஒவ்வொரு வரியைப் பற்றியும் 2 நிமிஷம் பேச முடிய வேண்டும். முடியாத வரியை அழியுங்கள். "குட் நாலெட்ஜ் இன் எம்.எஸ். ஆபீஸ்" என்பதில் ஒன்றுமில்லை. "எக்ஸெல்: வி-லுக்கப், பிவட் டேபிள்; 600 வரி ஸ்டாக் ஷீட்டை வாரம் ஒருமுறை சரிபார்த்தேன்" என்பதில் கேள்வி கேட்க இடமிருக்கிறது. நீங்கள் உண்மையில் செய்ததாக இருந்தால், கேட்கப்படும் கேள்வி உங்களுக்குச் சாதகம்.

நம்மூர்ச் சொற்கள் சிலவற்றை மாற்ற வேண்டும். "பாஸ்ட் அவுட் இன் 2025" என்றால் வெளிநாட்டவருக்கு "மயங்கி விழுந்தேன்" என்று கேட்கும். "கிராஜுவேட்டட் இன் 2025" போதும். "அரியர்" என்பது தமிழ்நாட்டைத் தாண்டினால் சம்பள பாக்கி. பெங்களூரு, புனே கம்பெனிகளுக்கு "பேக்லாக்" என்று எழுதுங்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3" என்று விட்டுவிடாமல் உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள்.

3. எங்கே தேடுவது, யாரை நம்பக் கூடாது

நௌக்ரி, லிங்க்ட்இன் எல்லாருக்கும் தெரியும். நௌக்ரியில் புரொஃபைலை வாரம் ஒருமுறையாவது லேசாகத் திருத்துங்கள். சமீபத்தில் புதுப்பித்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் ரெக்ரூட்டர்கள் அதிகம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் அரசு வேலைக்குப் பதிந்து வைக்க மட்டும் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துவதும் அவர்கள்தான். பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய முகாம் நடக்கும். பெரிய முகாமைவிட அங்கே கூட்டம் குறைவு, எச்.ஆரோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

இன்ஜினீயரிங், டிப்ளமோ முடித்தவர்கள் அப்ரண்டிஸ் பயிற்சியை அலட்சியமாக ஒதுக்கிவிடுகிறார்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் ஓராண்டுப் பயிற்சி அது. நாட்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டம். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. உதவித்தொகை குறைவுதான், நிரந்தரம் ஆக்குவார்கள் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆனால் ஒரு வருஷம் சும்மா இருந்த ரெஸ்யூமுக்கும், ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்த ரெஸ்யூமுக்கும் இன்டர்வியூவில் நடத்துகிற விதமே வேறு.

ஏமாற்றுகிறவர்களை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ரிஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் டெபாசிட், யூனிஃபார்ம், டிரெயினிங் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ மட்டும் "இன்டர்வியூ" நடத்தி, அன்று மாலையே ஆஃபர் லெட்டர் அனுப்பினாலும் அப்படியே. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும், அதனால் மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை.

இன்னொரு வியாபாரம் "ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ்". இரண்டு வருஷ அனுபவக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் பேக்கேஜாக விற்கிறார்கள். வெரிஃபிகேஷனில் கேட்பது பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும். அங்கே வரி இல்லையென்றால் கடிதத்துக்கு மதிப்பில்லை. மாட்டினால் அந்த வேலை போவதோடு நிற்காது, "டெர்மினேட்டட்" என்ற பதிவும் கூடவே வரும்.

4. எச்.ஆர். போன் வரும்போது

பெரும்பாலும் பஸ்ஸில் இருக்கும்போதுதான் வரும். சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டு "யெஸ் மேம், யெஸ் மேம்" என்று சொல்லிவிட்டு, பிறகு எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் முழிப்பது வழக்கம். பேச முடியாத இடத்தில் இருந்தால் சொல்லிவிடுங்கள்: "ஐ ஆம் ட்ராவலிங் ரைட் நௌ. கேன் ஐ கால் யூ பேக் அட் 4?" நேரம் சொல்லிக் கேட்பது முக்கியம். "லேட்டர்" என்றால் அவர் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

பேச முடிகிற இடமென்றால் "திஸ் இஸ் கார்த்திக்" என்று தொடங்குங்கள். "மைசெல்ஃப் கார்த்திக்" வேண்டாம். போனை எடுத்ததும் நாம் சொல்லும் "சொல்லுங்க" இங்கிலீஷில் "டெல் மீ" ஆகும்போது அதட்டல் போலக் கேட்கிறது. "யெஸ், ப்ளீஸ் கோ அஹெட்" என்றால் மரியாதையாக இருக்கும். வைப்பதற்கு முன் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: கம்பெனி பெயர், வேலை, ஊரும் ஷிஃப்டும், அடுத்த ரவுண்டு எப்போது. "குட் யூ ப்ளீஸ் செண்ட் தீஸ் டீடெய்ல்ஸ் பை மெயில்?" என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மெயில் ஐ.டி.யை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது நமக்கு ஒரு தனிச் சிக்கல். தமிழில் ப என்ற ஒரே எழுத்து இங்கிலீஷின் B, P என்ற இரண்டு ஒலியையும் தாங்குகிறது. "பி" என்றால் எந்த "பி" என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. "பி ஃபார் பாம்பே", "பி ஃபார் பாரிஸ்" என்று சொல்லுங்கள். பி.பி.ஓ. வேலைக்குப் போகிறவர்கள் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா வரிசையை இப்போதே மனப்பாடம் செய்துவிடலாம், எப்படியும் முதல் வாரத்தில் கேட்பார்கள். "டபுள் ஃபைவ்" என்பது அமெரிக்கர்களுக்குப் பழக்கமில்லை, "ஃபைவ் ஃபைவ்" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். 13க்கும் 30க்கும் குழப்பம் வந்தால் "ஒன் த்ரீ", "த்ரீ ஸீரோ".

5. இன்டர்வியூ கேள்விகள்

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்." 60 முதல் 90 விநாடி, அதற்குமேல் போனால் கேட்பவர் ரெஸ்யூமைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர், தம்பி தங்கை, ஹாபி எதுவும் வேண்டாம். யார், என்ன செய்திருக்கிறீர்கள், இந்த வேலைக்கு ஏன் என்ற மூன்றும் போதும். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகும் பி.காம். பட்டதாரி இப்படிச் சொல்லலாம்:

"குட் மார்னிங். ஐ ஆம் கார்த்திக். ஐ கிராஜுவேட்டட் இன் பி.காம். இன் 2025. இன் மை ஃபைனல் இயர் ஐ வொர்க்ட் பார்ட் டைம் அட் எ நிட்டிங் யூனிட் இன் திருப்பூர். ஐ என்டர்ட் அபௌட் 40 பர்ச்சேஸ் பில்ஸ் எ டே இன் டேலி, அண்ட் எவ்ரி மந்த் ஐ மேட்ச்ட் தெம் வித் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி. ஐ வான்ட் டு டூ திஸ் வொர்க் ஃபுல் டைம், அண்ட் யுவர் ரோல் இஸ் மெய்ன்லி ஜி.எஸ்.டி., ஸோ ஐ அப்ளைட்."

இதில் அலங்காரமே இல்லை, எல்லாம் சின்ன வாக்கியம். கேட்பவர் பிடித்துக்கொள்வது அந்த 2பி-யைத்தான், அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களின் ஜி.எஸ்.டி. பட்டியலை. அடுத்த கேள்வி நிச்சயம் இப்படி வரும்: "இஃப் எ பில் இஸ் நாட் இன் 2பி, வாட் டிட் யூ டூ?" சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் அந்த பில்லைக் காட்டவில்லை என்று அர்த்தம், "ஐ கால்ட் த சப்ளையர் அண்ட் ஆஸ்க்ட் தெம் டு ஃபைல் இட். வீ டிட் நாட் டேக் த க்ரெடிட் அன்டில் இட் அப்பியர்ட்." அவ்வளவுதான். தன் வேலையில் எது தடுக்கும், தடுத்தால் என்ன செய்வோம் என்று தெரிந்தவருக்கு இங்கிலீஷ் தானாக வருகிறது. ஐ.டி. ஆட்கள் புராஜெக்டை இப்படியே சொல்லலாம்: என்ன பிரச்சினை, எந்தப் பகுதியை நான் செய்தேன், எங்கே உடைந்தது, எப்படிச் சரியானது. நாலு பேர் செய்த புராஜெக்டில் "வீ" என்றே பேசிக்கொண்டிருந்தால், "வாட் டிட் யூ டூ?" என்று வெட்டிக் கேட்பார்கள். "ஐ" என்று சொல்லுங்கள்.

இடைவெளி பற்றிய கேள்வி. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்ததால் இரண்டு வருஷம் போனவர்கள் அதை மறைத்து "ஃபேமிலி ப்ராப்ளம்" என்று சொல்வார்கள். மறைக்க வேண்டியதில்லை. "ஐ வாஸ் ப்ரிப்பேரிங் ஃபார் த குரூப் 2 எக்ஸாம். ஐ டிட் நாட் க்ளியர் இட்." கேட்பவரின் உண்மையான பயம் அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்ததும் ஓடிவிடுவீர்களோ என்பது. அதற்கும் அவர் கேட்காமலே பதில் சொல்லிவிடுங்கள்: "ஐ ஹேவ் ஸ்டாப்ட் ப்ரிப்பேரிங். சின்ஸ் ஜனவரி ஐ ஹேவ் பீன் லேர்னிங் டேலி ப்ரைம்." நிறுத்தவில்லை என்றால் இந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள், அவ்வளவே.

அரியருக்கும் இதே வழிதான். எத்தனை இருந்தது, எப்போது முடித்தீர்கள், இப்போது பாக்கி இல்லை என்று மூன்று வாக்கியம். வாத்தியாரைக் குறை சொல்ல வேண்டாம்.

"வாட் ஆர் யுவர் வீக்னெஸஸ்?" என்ற கேள்விக்கு "ஐ ஆம் எ பர்ஃபெக்ஷனிஸ்ட்" என்பதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. நிஜமான, சரிசெய்துகொண்டிருக்கிற ஒன்றைச் சொல்லுங்கள்: "ஐ ஸ்பீக் டூ ஃபாஸ்ட் வென் ஐ ஆம் நெர்வஸ். ஐ ஆம் ப்ராக்டிஸிங் டு ஸ்லோ டௌன்."

சம்பளம் கேட்டால்: ஃபிரெஷர்களுக்கு அநேகமாக ஒரே தொகை நிர்ணயித்திருப்பார்கள். "வாட் இஸ் த பட்ஜெட் ஃபார் திஸ் ரோல்?" என்று திருப்பிக் கேட்கலாம். எண் சொல்லியே ஆக வேண்டுமென்றால், அந்த ஊரில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்; கணக்குப் பார்த்துச் சொன்ன எண்ணுக்குக் குரலிலேயே உறுதி இருக்கும்.

கேள்வி புரியாவிட்டால்? இதுதான் பலரை வீழ்த்துகிறது. ஊகித்து வேறு எதற்கோ பதில் சொல்வதைவிட "ஸாரி, குட் யூ ரிபீட் த கொஸ்டின்?" மேல். இரண்டாவது முறையும் புரியவில்லையென்றால், புரிந்த பாதியைச் சொல்லிக் கேளுங்கள்: "ஆர் யூ ஆஸ்கிங் அபௌட் மை புராஜெக்ட் ஆர் மை இன்டர்ன்ஷிப்?" பதில் தெரியாவிட்டால் "ஐ டோன்ட் நோ திஸ். ஐ ஹேவ் யூஸ்ட் சம்திங் சிமிலர்" என்று தெரிந்ததைச் சொல்லுங்கள்.

கடைசியில் "எனி கொஸ்டின்ஸ் ஃபார் அஸ்?" என்பார்கள். "நோ சார்" என்று எழுந்துவிடாதீர்கள். "வாட் வில் ஐ பி டூயிங் இன் த ஃபர்ஸ்ட் த்ரீ மந்த்ஸ்?" என்ற ஒன்று போதும், பதிலிலிருந்து உங்களுக்கும் அந்த வேலையின் லட்சணம் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு: இந்தப் பதில்களைப் போனில் பதிவு செய்து, ஒருநாள் விட்டுக் கேளுங்கள். முதல்முறை கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். எங்கே நிறுத்தாமல் ஓடுகிறீர்கள், எங்கே "பேசிக்கலி", "ஆக்சுவலி" வருகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மறுபடி பேசுங்கள். ஒரு பதிலுக்கு ஐந்து முறை. எழுதி மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் நின்றுவிடும்.

6. ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியது

ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்றதும் மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடுவோம். வருவது அதுவல்ல. ஒரு மாதிரிக் கணக்கு: அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. அது சி.டி.சி.க்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) அடிப்படையில் 4.81 சதவீதம், 8,658 ரூபாய். நிரந்தரப் பணியில் பொதுவாக 5 ஆண்டு முடித்தால்தான் அது கைக்கு வரும். குரூப் இன்ஷூரன்ஸ் 5,742, வேரியபிள் பே (கூடவோ குறையவோ வரும் பகுதி) 30,000 என்று இருந்தால் மொத்தம் 66,000 கழிந்து, மீதி 2,94,000. மாதம் 24,500. இதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போகும். சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்குச் சுமார் 208. கையில் வருவது 22,492. வேரியபிள் பே எப்போது, எதை வைத்து என்று கேளுங்கள்: "இஸ் த வேரியபிள் பெய்ட் மந்த்லி ஆர் இயர்லி?" கையில் வருவதைக் கேட்க "வாட் வில் பி த மந்த்லி இன்-ஹேண்ட் சாலரி?" மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. வரும், உங்களிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும்.

பாண்டு, அதாவது இத்தனை நாளுக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்: "அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று சொல்லும் நண்பர்களை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து செல்லும் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனி கேட்கிற தொகை முழுவதும் கிடைத்துவிடும் என்றும் இல்லை; 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. எத்தனை மாதம், எவ்வளவு பணம், அதற்கு ஈடாக என்ன பயிற்சி என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் "ஐ கேன் ஷோ த ஒரிஜினல்ஸ் ஃபார் வெரிஃபிகேஷன் அண்ட் கிவ் காப்பீஸ்" என்று சொல்லுங்கள். வற்புறுத்தினால் வேறு இடம் பார்ப்பது நல்லது. நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) 90 நாளா 30 நாளா என்பதையும் பாருங்கள். அடுத்த வேலைக்கு மாறும்போது கையைக் கட்டிப்போடுவது அதுதான்.

7. சேர்ந்த பிறகு: தமிழில் நினைத்து இங்கிலீஷில் சொல்வதில் வரும் வினைகள்

முதலாவது, மிக ஆபத்தானது, "ஆமா". "யூ ஹேவன்ட் சென்ட் த ரிப்போர்ட், ரைட்?" என்று மேனேஜர் கேட்கிறார். நீங்கள் அனுப்பவில்லை. தமிழில் "ஆமா, அனுப்பல" என்போம், அதனால் வாயில் "யெஸ்" வருகிறது. அவர் காதில் அது "அனுப்பிவிட்டேன்" என்றும் விழலாம். அவரும் கிளையண்டிடம் அப்படியே சொல்லிவிடுவார். இந்த மாதிரிக் கேள்விக்கு யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள்: "ஐ ஹேவன்ட் சென்ட் இட் யெட். ஐ வில் செண்ட் இட் பை 5." "டூ யூ மைண்ட் ஸ்டேயிங் லேட்?" என்பதற்கும் இதே கதி, "யெஸ்" என்றால் முடியாது என்று பொருள். "ஐ கேன் ஸ்டே" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

"பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்" இரண்டையும் நாம் மறுப்பதற்கே பயன்படுத்துகிறோம். "ஐ வில் ட்ரை" என்றால் எதிரில் இருப்பவர் செய்துவிடுவீர்கள் என்று எடுத்துக்கொள்வார். முடியாது என்றால் எது முடியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்: "ஐ கான்ட் ஃபினிஷ் இட் டுடே. ஐ கேன் கிவ் யூ ஹாஃப் டுடே அண்ட் த ரெஸ்ட் டுமாரோ மார்னிங்."

"ஐ ஹேவ் எ டவுட்" என்பது நம்மிடையே சந்தேகம் கேட்பது. வெளிநாட்டவருக்கு, அவர் சொன்னதை நம்பவில்லை என்று கேட்கும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று மாற்றுங்கள். மற்றவை சின்ன விஷயங்கள். "டிஸ்கஸ் அபௌட்" என்பதில் "அபௌட்" வேண்டாம், "ரிட்டர்ன் பேக்" என்பதில் "பேக்" வேண்டாம், "ஐ ஆம் ஹேவிங் டூ ஃபைல்ஸ்" என்பது "ஐ ஹேவ்". "தான்" என்பதற்கெல்லாம் "ஒன்லி" போடுவது ("யெஸ்டர்டே ஒன்லி ஐ சென்ட்"), விடைபெறும்போது "ஐ வில் கோ அண்ட் கம்" என்பது எல்லாம் நம்மவர்களுக்குள் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. "ப்ரீபோன்", "டூ த நீட்ஃபுல்" இரண்டும் இந்தியா முழுக்கப் புரியும், வெளியே புரியாது. "டூ த நீட்ஃபுல்" என்று எழுதத் தோன்றும்போது என்ன வேண்டுமோ அதையே எழுதிவிடுங்கள்: "ப்ளீஸ் அப்ரூவ் த இன்வாய்ஸ்."

மெயில். பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்த லீவ் லெட்டர், "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்", இன்னும் ஆபீஸ் மெயில்களில் நடமாடிக்கொண்டிருக்கிறது. "ரெஸ்பெக்டட் சார்", "கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்" எல்லாம் ஹெட்மாஸ்டருக்கு எழுதியது. ஆபீசில் சப்ஜெக்டிலேயே விஷயம் இருக்க வேண்டும்: "சிக் லீவ் டுடே, 12 மார்ச்." உள்ளே நாலு வரி: "ஐ ஹேவ் ஃபீவர் அண்ட் கான்ட் வொர்க் டுடே. த ஜி.எஸ்.டி. ஷீட் இஸ் இன் த ஷேர்ட் ஃபோல்டர். பிரியா கேன் செண்ட் இட் அட் 3. கால் மீ இஃப் இட் இஸ் அர்ஜென்ட்." நடுவில் உள்ள இரண்டு வரிதான் உயிர். யாருடைய வேலை நிற்கும், அதற்கு என்ன ஏற்பாடு என்பதுதான் மேனேஜருக்குத் தேவை. பிரியாவிடம் முன்பே பேசிவிட்டு எழுதுங்கள்.

ஐ.டி. கம்பெனிகளில் மேனேஜரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலை, பேங்க், ஆடிட்டர் ஆபீசில் சார், மேடம். சேர்ந்த அன்று பக்கத்தில் இருப்பவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தேதியும் நேரமும். 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். "இ.ஓ.டி." என்றால் யாருடைய நாள் முடிவு? நியூயார்க்கில் மாலை 6 மணி, கோடைக் காலத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. "பை 6 பி.எம். இந்தியா டைம்" என்று எழுதிவிட்டால் பேச்சே இல்லை. தொகையையும் லட்சத்தில் சொல்லாதீர்கள்: 5 லட்சம் அவர்களுக்கு "ஃபைவ் ஹண்ட்ரட் தௌசண்ட்".

இனி, தொடக்கத்தில் சொன்ன மூன்று.

புரியாதபோது: வேலையைச் சொல்லி முடித்ததும் "ஓகே" என்று எழுந்து வராமல், புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள். "ஸோ ஐ வில் செக் ஒன்லி த ஏப்ரல் பில்ஸ், அண்ட் செண்ட் த லிஸ்ட் டு யூ பை வெட்னஸ்டே. இஸ் தட் கரெக்ட்?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மாட்டிக்கொண்டு நின்றால் அரை மணி நேரம் நீங்களே பாருங்கள்; பிறகு கேளுங்கள், வெறும் "நாட் வொர்க்கிங்" என்றில்லாமல்: "ஐ ட்ரைட் ஏ அண்ட் பி. ஏ கிவ்ஸ் திஸ் எர்ரர். வாட் ஷுட் ஐ செக் நெக்ஸ்ட்?" ஸ்க்ரீன்ஷாட் சேர்த்து அனுப்புங்கள். மெசேஜில் "ஹாய்" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்; கேள்வியையும் அதே மெசேஜில் எழுதினால் அவர் நேரம் கிடைக்கும்போது பதில் சொல்வார்.

தாமதமாகும்போது: கெடு வெள்ளிக்கிழமை என்றால், முடியாது என்று உங்களுக்குப் புதன்கிழமையே தெரிந்திருக்கும். அன்றே சொல்லுங்கள். "த ரிப்போர்ட் வில் பி லேட். ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் த பேங்க் ஸ்டேட்மென்ட். நௌ ஐ எக்ஸ்பெக்ட் டு ஃபினிஷ் ஆன் மண்டே நூன்." விஷயம், காரணம், புதுத் தேதி. மன்னிப்பை ஒரு "ஸாரி"யோடு முடித்துக்கொள்ளுங்கள். மூன்று வரி மன்னிப்புக்கு அடியில் புதுத் தேதி காணாமல் போய்விடும். அந்தப் புதுத் தேதியில் அரை நாள் கூடுதலாக வைத்துச் சொல்லுங்கள், இரண்டாவது முறையும் தள்ளினால் காரணத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

தப்பு நடந்தபோது: தவறான ஃபைலை கிளையண்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று வையுங்கள். ரீகால் பட்டனை நம்பாதீர்கள். அது உள் ஆபீசிலேயே எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது, வெளியே போன மெயிலைத் திரும்பப் பிடிக்க முடியாது. முதலில் மேனேஜருக்குப் போன்: "ஐ சென்ட் த ராங் ஃபைல் டு த கிளையண்ட் அட் 11.20. இட் ஹேஸ் அனதர் கஸ்டமர்ஸ் ரேட்ஸ். ஐ ஹேவ் நாட் ரிப்ளைட் யெட். வாட் ஷுட் ஐ டூ?" எந்த நேரம், உள்ளே என்ன இருந்தது, அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் அல்லது செய்யவில்லை என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. "எ மிஸ்டேக் ஹேப்பன்ட்" என்று யாரோ செய்தது போலத் தொடங்கினால் "ஹூ டிட் இட்?" என்றுதான் முதல் கேள்வி வரும், அதற்கே ஐந்து நிமிஷம் போய்விடும். பேசி முடித்ததும் அதையே மெயிலிலும் போட்டுவையுங்கள், போனில் என்ன முடிவானது என்ற கடைசி வரியோடு.